கோழி வாயைத் திறந்தால் கவனிங்க!

குழுக்கடனில் வாங்கிய கோழி கத்திரி வெயிலில் செத்தாலும் தவணை நிற்காது. கோழிக்கு வேர்க்காது, மூச்சு வாங்கித்தான் சூட்டைத் தணிக்கும். வாயைத் திறந்து, இறக்கையை விரித்து நின்றால் ஆபத்து.

என்ன செய்யலாம்?

1. மதியம் தீனி வேண்டாம். செரிக்கும்போது உடம்புச்சூடு கூடும். விடியற்காலையிலும் பொழுது சாய்ந்த பிறகும் போடுங்க.

2. நிழலில் மண்சட்டியில் தண்ணீர் வையுங்க, அடிக்கடி மாத்துங்க.

3. தகரக் கூரைமேல் தென்னங்கீற்று பரப்பித் தண்ணீர் தெளியுங்க.

4. பஞ்சாரத்தில் நெருக்கி அடைக்காதீங்க, காத்து வேணும்.

5. மூச்சு வாங்கும் கோழியைத் துரத்தாதீங்க. நிழலில் விட்டு, கால்களைத் தண்ணீரில் நனைச்சு விடுங்க.

மதியம் வேலைக்குப் போறவங்க பக்கத்து வீட்டு உறுப்பினரிடம் பார்த்துக்கச் சொல்லிட்டுப் போங்க. குழு அதுக்குத்தானே!