இன்டெலா, ஏஎம்டியா?

கேள்வி: மகள் வீடியோ எடிட்டிங் படிக்கிறாள். கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்யப் போகிறோம். இன்டெல் புராசஸர் போடலாமா, ஏஎம்டியா? கடைக்குக் கடை வேறு மாதிரி சொல்கிறார்கள்.

பதில்: கேம் விளையாடவோ பொது உபயோகத்துக்கோ என்றால் ஏஎம்டி என்றே சொல்லியிருப்பேன். புராசஸர் உட்காரும் சாக்கெட்டை அவர்கள் அடிக்கடி மாற்றுவதில்லை. 2017-ல் முதல் ரைசன் வாங்கிய பலர், அதே ஏஎம்4 மதர்போர்டில் பயாஸை மட்டும் அப்டேட் செய்து ரைசன் 5000 வரிசை வரை போட்டுக்கொண்டார்கள். இன்டெலின் 2021 சாக்கெட்டில், 2024-ல் வந்த கோர் அல்ட்ரா டெஸ்க்டாப் வரிசை பொருந்தாது.

ஆனால் எடிட்டிங் வேறு விஷயம். இன்டெல் சிப்புக்குள் இருக்கும் கிராஃபிக்ஸில் ‘குவிக் சிங்க்’ என்ற வசதி உண்டு. செல்போன், கேமரா வீடியோவை பிரீமியர் புரோ டைம்லைனில் தள்ளிப் பார்க்கும்போது திக்காமல் ஓட அது உதவும். அதனால் உங்கள் மகளுக்கு ஐ5 14400 வாங்குங்கள். கடையில் ‘14400 எஃப்’ விலை குறைவு என்பார்கள். எஃப் என்றால் அந்த கிராஃபிக்ஸே கிடையாது. பில் போடுமுன் பெட்டியில் அந்த எழுத்தைப் பாருங்கள். ஐ7-க்குப் போகும் பணத்தில் ரேமை 32 ஜிபி ஆக்குங்கள்.