மூன்று கடலுக்குத் தண்ணீர் அனுப்பும் மாவட்டம்

அன்புள்ள யாழினிக்கு,

மின்னசோட்டா பல்கலைக்கழகத்தின் டுலூத் வளாகத்தில் உனக்கு இடம் கிடைத்துவிட்டதாக அக்கா சொன்னாள். ரொம்ப சந்தோஷம். "அங்கே குளிரைத் தவிர என்ன மாமா இருக்கு?" என்று நீ கேட்டாயாம். ஒரு வரியில் பதில் சொல்லி முடிக்க எனக்கு மனசில்லை.

டுலூத் இருப்பது செயின்ட் லூயிஸ் கவுண்டியில். மிசௌரி மாநிலத்தில் உள்ள செயின்ட் லூயிஸ் நகரம் வேறு, குழப்பிக்கொள்ளாதே. கவுண்டி என்பது ஏறக்குறைய நம் மாவட்டம்தான். இது சுப்பீரியர் ஏரியில் தொடங்கி கனடா எல்லைவரை போகிறது. பரப்பு சுமார் 17,700 சதுர கிலோமீட்டர். மக்கள்தொகையோ 2 லட்சம்தான். அதில் 86,000 பேருக்கு மேல் டுலூத்திலேயே இருக்கிறார்கள். மீதியெல்லாம் காடு, ஏரி, சதுப்பு, சுரங்கம்.

வரைபடத்தில் முதலில் ஹிப்பிங் என்ற ஊரைத் தேடு. அதற்கு வடக்கே ஒரு மேடு இருக்கிறது. அங்கே பெய்யும் மழை மூன்றாகப் பிரிகிறது. ஒரு பங்கு வடக்கே ஹட்சன் விரிகுடாவுக்குப் போகிறது. இன்னொரு பங்கு சுப்பீரியர் ஏரி வழியாக அட்லாண்டிக்கைச் சேர்கிறது. மூன்றாவது மிசிசிப்பியில் இறங்கி மெக்சிகோ வளைகுடா போய்ச் சேர்கிறது. இந்த மாவட்டத்தில் தண்ணீர் எந்தப் பக்கம் போகிறது, இரும்பு எந்தப் பக்கம் போகிறது என்ற இரண்டையும் தெரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும்.

1890-இல் டுலூத்தைச் சேர்ந்த மெரிட் சகோதரர்கள் இங்குள்ள மெசாபி மலைத்தொடரில் இரும்புத் தாதுவைக் கண்டுபிடித்தார்கள். அது ஆழத்தில் இல்லை. மேல்மண்ணை விலக்கினால் அள்ளும் பதத்தில் கிடந்தது. 1892-இல் முதல் தாது ரயிலேறியது. அடுத்த ஆண்டே நாடு தழுவிய நிதி நெருக்கடி வந்தது. கண்டுபிடித்தவர்கள் கையை விட்டுச் சொத்து எண்ணெய் முதலாளி ராக்ஃபெல்லரிடம் போனது. எனக்கு இன்றும் மனசு ஆறாத கதை அது.

ஹிப்பிங்கில் ஹல்-ரஸ்ட் சுரங்கத்தின் விளிம்பில் நின்று பார். ஐந்து கிலோமீட்டர் நீளம், மூன்று கிலோமீட்டர் அகலம், 160 மீட்டர் ஆழம். அடியில் ஓடும் ராட்சத லாரிகள் பொம்மை மாதிரித் தெரியும். அந்த ஊரே தாதுவின் மேல்தான் உட்கார்ந்திருந்தது. அதனால் 1919 முதல் வீடுகளைப் பெயர்த்து, மர உருளைகளின் மேல் ஏற்றி, சுமார் மூன்று கிலோமீட்டர் தெற்கே இழுத்துக்கொண்டு போனார்கள். ஒரு ஹோட்டல் வழியிலேயே சரிந்து விழுந்தது. புது ஊரில் சுரங்க வரிப் பணத்தில் எழும்பியதுதான் ஹிப்பிங் உயர்நிலைப் பள்ளி. செக்கோஸ்லோவாக்கியாவின் கண்ணாடிச் சரவிளக்குகள் தொங்கும் 1,800 இருக்கை அரங்கம் ஒரு பள்ளிக்கூடத்துக்குள் இருப்பதை வேறெங்கே பார்க்கப்போகிறாய்? 1941-இல் டுலூத்தில் பிறந்த பாடகர் பாப் டிலன் படித்த பள்ளியும் அதுதான்.

உயர்தரத் தாது குறையத் தொடங்கியதும் டாக்கோனைட் என்ற கடினப் பாறைக்கு மாறினார்கள். அதில் இரும்பு கால் பங்குக்குச் சற்று மேல்தான். மாவாக அரைத்து, காந்தத்தால் பிரித்து, கோலிக்குண்டு அளவு உருண்டைகளாகச் சுட்டு ரயிலில் ஏற்றுகிறார்கள்.

அந்த ரயில்கள் வந்து சேரும் துறைமுகம்தான் டுலூத். செங்குத்தான சரிவில் நீளவாக்கில் தொற்றிக்கொண்டிருக்கும் ஊர். கீழே, பரப்பளவில் உலகின் மிகப்பெரிய நன்னீர் ஏரி. கோடையிலும் கரையோரம் சட்டென்று குளிரும். கையில் எப்போதும் ஒரு ஸ்வெட்டர் இருக்கட்டும். துறைமுக வாசலில் உள்ள ஏரியல் லிஃப்ட் பாலத்தில் ஒரு மாலையாவது நில். 300 மீட்டர் நீளக் கப்பல் நெருங்கிச் சங்கு ஊதும். பாலமும் அதே ஒலியில் பதில் ஊதும். பிறகு சாலையே அப்படியே கிடைமட்டமாக 40 மீட்டர் உயரத்துக்கு மேலேறும். கப்பல் கைக்கெட்டும் தூரத்தில் கடந்து போகும். ஜனவரி நடுவில், ஏரியிலிருந்து வெளியேறும் வழியிலுள்ள சூ மதகுகளை மூடிவிட்டால் மார்ச் கடைசி வரை பெரிய கப்பல் எதுவும் ஏரியைத் தாண்டி வராது.

ஒரு பணக்காரரின் மாளிகையான கிளென்ஷீனுக்கு எல்லோரும் கூட்டிப்போவார்கள். நீ அதற்கு முன்னால் நகரத்துக்குள் இருக்கும் ஒரு நினைவிடத்துக்குப் போ. 1920 ஜூன் 15 இரவு ஆயிரக்கணக்கானோர் கூடிக் காவல் நிலையத்தை உடைத்தார்கள். பொய்க் குற்றச்சாட்டில் பிடித்து வைத்திருந்த எலியாஸ் கிளேட்டன், எல்மர் ஜாக்சன், ஐசக் மெக்கீ என்ற மூன்று கறுப்பின சர்க்கஸ் தொழிலாளர்களை விளக்குக் கம்பத்தில் தூக்கிலிட்டார்கள். கொலைக்காக யாரும் தண்டிக்கப்படவில்லை. அந்த ஊர் இதை வெளிப்படையாகப் பேசி நினைவிடம் எழுப்ப 2003 வரை ஆனது. வாழப்போகும் ஊரைப் பற்றி இதையும் தெரிந்துகொண்டு போக வேண்டும்.

நீ இயற்பியல் மாணவி. ஆகவே இதே மாவட்டத்தில் சூடான் என்ற ஊரிலுள்ள பழைய இரும்புச் சுரங்கம் உனக்குப் பிடிக்கும். 1962-இல் மூடிய பிறகு, 700 மீட்டர் ஆழத்தில் நியூட்ரினோ ஆய்வுக்கூடம் அமைத்தார்கள். சிகாகோ அருகிலுள்ள ஃபெர்மிலேபிலிருந்து 735 கிலோமீட்டர் பூமிக்குள்ளாக வந்த நியூட்ரினோக்களை, காந்தமூட்டிய ஆயிரக்கணக்கான டன் இரும்பாலான கருவி அங்கே பிடித்துப் பார்த்தது. நம் தேனிப் பக்கம் திட்டமிட்ட ஆய்வகத்துக்கும் இதே வகைக் கருவியைத்தான் நினைத்திருந்தார்கள். சுரங்கத்துக்குள் இறங்க அனுமதி இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டு போ.

செப்டம்பர் நடுவில் டுலூத்தின் ஹாக் ரிட்ஜ் மேட்டுக்கு ஏறினால் பருந்துகளின் வலசை. ஏரியைக் கடக்கத் தயங்கிக் கரையோரமாகவே திரளும். 2003-இல் ஒரே நாளில் ஒரு லட்சத்துக்கும் மேல் எண்ணினார்கள்.

அதற்குச் சற்று முன்பே ஏரிகளில் விளையும் காட்டரிசியின் அறுவடை தொடங்கிவிடும். இங்குள்ள பழங்குடிகளான ஒஜிப்வே மக்களுக்கு, அவர்கள் மனோமின் என்று அழைக்கும் இந்த அரிசி உணவு மட்டுமல்ல, சடங்கும்கூட. ஒருவர் நின்று படகைத் தள்ள, உட்கார்ந்தவர் ஒரு குச்சியால் தாளை வளைத்து இன்னொன்றால் மெல்லத் தட்டுவார். விளைந்த மணி மட்டும் படகில் உதிரும். தண்ணீரில் விழுவது அடுத்த ஆண்டுக்கு விதை. சுரங்கக் கழிவுநீரிலுள்ள சல்ஃபேட் ஏரிச் சேற்றில் சல்ஃபைடாக மாறி இந்தப் பயிரின் வேரைக் கெடுக்கும். லிட்டருக்கு 10 மில்லிகிராம் என்ற வரம்பு 1973 முதலே மின்னசோட்டாவில் உண்டு. அதைக் கறாராக அமல்படுத்தச் சொல்லிப் பழங்குடி அரசுகள் இன்னமும் போராடுகின்றன. நான் அவர்கள் பக்கம்.

கடையில் இந்த அரிசியை வாங்கும்போது நிறத்தைப் பார். ஒரே மாதிரி கறுத்துப் பளபளத்தால் பாத்தி கட்டிப் பயிரிட்டது, வேக நேரமாகும். ஏரியில் தட்டி விறகடுப்பில் வறுத்தது பழுப்பும் பச்சையும் கலந்து மங்கலாக இருக்கும், சீக்கிரம் வெந்துவிடும். விலை கூடினாலும் இரண்டாவதையே வாங்கு.

அன்புடன்,
மாமா