பிறக்கும் முன்பே பட்ட பசி

சோற்றைச் சிந்தாதே என்று வீட்டில் பெரியவர்கள் சொல்லும்போது, அதைப் பழைய காலத்துப் பேச்சு என்று நாம் எண்ணிவிடுகிறோம். ஆனால் நமது தளி வட்டாரம் பஞ்சத்தைக் கண்ட மண். 1876 முதல் 1878 வரை நீடித்த தாது வருஷப் பஞ்சத்தில், ஓசூர் தாலுகா அன்று அடங்கியிருந்த சேலம் ஜில்லா மிகவும் அடிபட்டது. 1871-இல் 20 லட்சத்தை நெருங்கியிருந்த ஜில்லாவின் ஜனத்தொகை 1881-இல் 16 லட்சமாகக் குறைந்துவிட்டது. எல்லைக்கு அப்பால் மைசூர் சமஸ்தானத்திலும் இதே அவலம்தான். நிவாரண வேலை செய்பவருக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு, அதாவது சுமார் 450 கிராம், தானியமும் சிறிது காசும் போதும் என்று 1877-இல் சர் ரிச்சர்டு டெம்பிள் கூலியைக் குறைத்தார். மண் சுமக்கும் உடம்புக்கு அது போதாது என்று சென்னை மாகாணச் சுகாதார ஆணையர் டாக்டர் கார்னிஷ் வாதாடினார்.

இறந்தவர்களைப் பற்றிச் சரித்திரம் பேசுகிறது. அந்த நாட்களில் தாயின் வயிற்றில் இருந்து, பிழைத்துப் பிறந்த குழந்தைகள் பிற்காலத்தில் எப்படி இருந்தார்கள்? அதைச் சொல்ல ஏடு இல்லை. பிறந்த குழந்தையை நிறுத்துப் பார்த்து எழுதி வைக்க அன்று நம் ஊரில் யார் இருந்தார்கள்?

எழுதி வைத்த ஒரு தேசம் ஹாலந்து. இரண்டாம் உலகப் போரின் முடிவில், 1944–45 குளிர்காலத்தில், ஜெர்மானியர் உணவு வரத்தைத் தடுத்தனர், கால்வாய்களும் உறைந்துபோயின. ஒருவருக்குரிய பங்கீடு நாளொன்றுக்கு 400 முதல் 800 கலோரி வரை இறங்கியது. மக்கள் துலிப் பூச்செடியின் கிழங்கையும் தின்றார்கள். 1945 மே மாதம் விடுதலை வந்ததும் பஞ்சம் சட்டென்று தீர்ந்தது. மருத்துவமனைகளில் பிரசவக் குறிப்புகள் பத்திரமாக இருந்ததால், எந்தக் குழந்தை கருவின் எந்த மாதத்தில் பசியைக் கண்டது என்று பின்னாளில் விஞ்ஞானிகளால் கணக்கிட முடிந்தது.

ஆராய்ச்சியின் முடிவு வியப்பானது. கருவின் கடைசி மாதங்களில் பசியில் அகப்பட்டவர்கள் எடை குறைந்து பிறந்தார்கள். முதல் மூன்று மாதங்களில் மட்டும் அகப்பட்டவர்களோ நல்ல எடையுடன் பிறந்தார்கள். பார்த்தவர்கள் தப்பித்தது என்றுதான் நினைத்திருப்பார்கள். ஆனால் ஐம்பது வயதில் இருதய நோய் அவர்களிடமே அதிகம் காணப்பட்டது.

இதன் காரணம் என்ன? உணவு குறையும்போது கரு முதலில் மூளையைக் காப்பாற்றுகிறது. ஈரல், கணையம், சிறுநீரகம் ஆகியவற்றுக்குப் பங்கு குறைகிறது. சிறுநீரகத்தின் நுண்வடிகட்டிகள் பிறப்பதற்குள் உருவாகி முடிந்துவிடுகின்றன. பிறகு எவ்வளவு சத்துணவு உண்டாலும் புதிதாக ஒன்றுகூட முளைப்பதில்லை. மேலும், மரபணுக்களின் மேல் மீத்தைல் என்னும் நுண்ணிய குறிகள் அமைகின்றன. எந்த மரபணு வேலை செய்யவேண்டும், எது அடங்கியிருக்கவேண்டும் என்பதில் இவற்றுக்குப் பங்குண்டு. ஹாலந்துப் பஞ்சத்தில் கருவாயிருந்தவர்களிடம் அறுபது ஆண்டுகளுக்குப் பிறகும் இக்குறிகளில் மாற்றம் தெரிந்ததாக 2008-இல் அறிவிக்கப்பட்டது. 2024-இல் 951 பேரின் இரத்தத்தை ஆராய்ந்து வெளியிட்ட ஆய்வு இன்னும் ஒரு படி சென்றது: பசியைக் கண்டவர்களின் உடல் சற்று வேகமாக மூப்படைகிறதாம். அதுவும் பெண்களிடமே தெளிவாகத் தெரிந்தது.

தொடக்க நூலில் யோசேப்புக்கு இரு புதல்வர் பிறந்தது பஞ்ச ஆண்டுகள் வருமுன்பே என்று எழுதியிருக்கிறது. ஞானோபதேச வகுப்பில் பலமுறை படித்தும் அந்த வரியை நாம் கவனித்ததில்லை.

ஹாலந்து தூரமாகப் பட்டால், நமக்குப் பக்கத்திலிருக்கும் மைசூருக்கு வருவோம். அங்குள்ள ஹோல்ட்ஸ்வொர்த் மிஷன் ஆஸ்பத்திரியில் 1934 முதலே குழந்தைகளின் எடை, நீளம், தலைச்சுற்றளவு ஆகியவற்றைப் பதிவேட்டில் எழுதி வைத்தார்கள். 1934-க்கும் 1954-க்கும் இடையில் அங்கே பிறந்தவர்களில் 517 பேரைத் தேடிப் பிடித்துப் பரிசோதித்தார்கள். இரண்டரை கிலோவும் அதற்குக் குறைவுமாகப் பிறந்தவர்களில் நூற்றுக்கு 11 பேருக்கும், 3.1 கிலோவும் அதற்கு மேலுமாகப் பிறந்தவர்களில் நூற்றுக்கு 3 பேருக்கும் இருதய நோய் இருந்ததாக 1996-இல் வெளியிட்டனர். இவர்கள் பெரும் பஞ்சத்துக் குழந்தைகள் அல்லர். சாதாரண வீடுகளின் சாதாரணக் குறைவே இவ்வளவு செய்கிறது. புனாவில் டாக்டர் யாக்னிக் குழுவினர் கண்டது மற்றொன்று. அங்கே கிராமத்துக் குழந்தைகள் இங்கிலாந்துக் குழந்தைகளைவிட மிகவும் எடை குறைந்து பிறந்தாலும், அவர்களின் உடலில் கொழுப்பு மட்டும் அவ்வளவாகக் குறையவில்லை. மெலிந்த தோற்றமுள்ள நம்மவர்க்குச் சர்க்கரை வியாதி ஏன் வருகிறது என்பதற்கு இது ஒரு விடை.

ஆகவே பஞ்சம் என்றால் மழை பொய்த்து ஏரி வற்றுவது மட்டும் அல்ல. இராத்திரி நம் வீட்டு அடுப்படியைப் பார்த்தால் தெரியும். ராகிக் களி உருண்டை முதலில் அப்பாவுக்கு, பிறகு தம்பிக்கு, பிறகு நமக்கு. அம்மா சட்டியை வழித்துச் சாப்பிடுகிறார்கள். அவர்கள் தட்டில் கீரை இருந்ததா என்று யாரும் கேட்பதில்லை. 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு இரத்தசோகை இருந்தது. அந்த 15 வயதில் நாமும் அடக்கம். பள்ளிக்கு நேரமாகிறது என்று காலை ஆகாரத்தை விடுவதும், இரும்புச்சத்து மாத்திரையை ஜன்னல் வழியே எறிவதும் (யார் என்று சொல்லவேண்டாம்) இந்தக் கணக்கில் சேரும். இதற்காகத் தாய்மாரைக் குற்றம் சொல்வது நியாயம் அல்ல. அவர்கள் குறைவாக உண்டது தாங்களாக விரும்பியா?

பெண்குழந்தையின் கருமுட்டைகள் யாவும் அவள் பிறக்கும் முன்பே, தாயின் வயிற்றிலேயே உருவாகிவிடுகின்றன. நம்மை உருவாக்கிய முட்டை நம் பாட்டியின் வயிற்றில் உருவானது. அப்போது பாட்டி என்ன சாப்பிட்டார்கள்?

இதை எழுதத் தொடங்கியபோது, பிறந்த எடையை அறிய வீட்டில் தாய்-சேய் நல அட்டையைத் தேடினோம். சிலருக்குக் கிடைத்தது, சிலருடையதைக் கரையான் அரித்திருந்தது. அட்டை இல்லாத ஒருத்தியிடம் அவள் அம்மா சொன்னார்: "ரெண்டே கால் கிலோதான் இருந்தே. அப்ப மூணு மாசம் எனக்குச் சோறே எறங்கல. யாரும் கேக்கவும் இல்ல."