கீசர் நனைத்த சுவரை என்ன செய்வது?

மார்கழி பிறந்ததும் சென்னை அடுக்ககங்களில் கீசர்கள் காலை மாலை ஓயாமல் ஓடத் தொடங்கும். பல மாதம் சும்மா தொங்கிக்கொண்டிருந்த டேங்கும் வாஷரும் அப்போதுதான் தங்கள் வயதைக் காட்டும். குளியலறையை ஒட்டிய படுக்கையறைச் சுவரில் பழுப்பாக ஒரு திட்டு படரும். கீழ் வீட்டு சீலிங்கில் பெயிண்ட் கொப்பளிக்கும். அதற்குள் பொங்கல் வந்துவிடும். போகிக்குள் வீடு பளிச்சென்று இருக்க வேண்டும் என்பார் மாமியார். தையில் பெண் பார்க்க வருகிறார்கள் என்பார் அப்பா. எதிர் பிளாட்டில் அடித்த ‘வாட்டர்ப்ரூஃப்’ பெயிண்டின் பளபளப்பைப் பற்றி வீடே பேசும். இந்த அவசரத்தில் எடுக்கிற முடிவுதான் வருடா வருடம் அதே சுவருக்குச் செலவு வைக்கிறது.

கீசரைப் பற்றி முடிவெடுப்பதில் பெரிய சிரமம் இல்லை. முதலில் எம்சிபியை அணைத்து, தண்ணீர் வரும் ஆங்கிள் காக்கை மூட வேண்டும். ஈரம் ஏறிய சுவரில் சுவிட்ச் போர்டு இருந்தால் எலக்ட்ரீஷியன் பார்க்கும்வரை அதைத் தொடக்கூடாது. கனெக்‌ஷன் பைப்போ வாஷரோ போயிருந்தால் மாற்றினால் போதும். டேங்கே ஓட்டையாகியிருந்தால் கீசரை மாற்றுவதே சரி. உள்ளே கண்ணாடிப் பூச்சு உள்ள டேங்கைப் பற்றவைத்துத் தருவதாகச் சில பட்டறைகளில் சொல்வார்கள். அந்தச் சூட்டில் பூச்சு வெடித்துவிடும், துரு உடனே வேலையைத் தொடங்கிவிடும்.

சொட்டுவதெல்லாம் பழுது அல்ல. 25 லிட்டர் தண்ணீர் 25 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குச் சூடாகும்போது ஏறக்குறைய 350 மில்லி அளவுக்கு விரிகிறது. வந்த வழியே திரும்ப முடியாதபோது அந்த உபரி பாதுகாப்பு வால்வு வழியாகச் சொட்டும். சொட்டுகிறதே என்று அந்த வால்வை அடைத்துவிடுவது உயிருக்கே ஆபத்து. அதன் வாயில் ஒரு சிறு குழாயை மாட்டித் தரையின் வடிகாலில் விட்டால் சுவர் நனையாது.

அடுத்து, தண்ணீர் உண்மையில் கீசரிலிருந்துதான் வந்ததா என்று பார்க்க வேண்டும். ஆங்கிள் காக்கை மூடியபின் திட்டு விரிவது நின்றால் கீசர் பக்கத்துக் கோளாறு. நிற்காவிட்டால் தரை வடிகாலான நானி டிராப்பை அடைத்து, குளியலறைத் தரையில் 24 மணி நேரம் தண்ணீர் தேக்கி, கீழ் வீட்டில் பார்க்க வேண்டும். இந்தச் சோதனையைச் செய்யாமல் டைல்ஸை உடைக்கச் சொல்லும் எவரையும் வீட்டுக்குள் விடக்கூடாது. இதில் ஒரு சிக்கலும் உண்டு. பல அடுக்ககங்களில் குளியலறைத் தளத்தைத் தாழ்த்திக் கட்டி, அந்தப் பள்ளத்தைச் செங்கல் துண்டுகளால் நிரப்பியிருப்பார்கள். கீசர் தண்ணீர் அதற்குள் இறங்கியிருந்தால், கசிவை நிறுத்திய பிறகும் கீழே வாரக்கணக்கில் சொட்டும். வேலை சரியில்லை என்று பிளம்பரோடு சண்டை பிடிப்பதற்கு முன் இதை நினைவில் கொள்வது நல்லது.

இனி சுவர். இங்கேதான் பெயிண்ட் வந்து நிற்கிறது.

ஈரத்தைத் தடுக்கும் பெயிண்ட் கெட்ட பொருள் அல்ல. காய்ந்த சுவரில், தண்ணீர் வரும் பக்கத்தில் அடித்தால் அது உழைக்கும். ஆனால் பெரும்பாலான வீடுகளில் அது ஈரச் சுவரில், தண்ணீர் வெளியேறும் பக்கத்தில் அடிக்கப்படுகிறது. பரப்பு காய்ந்திருக்க வேண்டும், கசிவை முதலில் நிறுத்தியிருக்க வேண்டும் என்று தயாரிப்பாளர்களின் செய்முறைக் குறிப்புகளே சொல்கின்றன. டப்பாவைத் திறக்கும் கை அதைப் படிப்பதில்லை.

செங்கல்லும் பூச்சும் குடித்த தண்ணீர் ஆவியாகித்தான் போக வேண்டும். போகும்போது சிமென்ட்டிலும் செங்கல்லிலும் உள்ள உப்பைக் கரைத்து இழுத்துக்கொண்டு மேற்பரப்புக்கு வரும். பெயிண்ட் இல்லாத சுவரில் அது வெள்ளைப் பொடியாகப் பூக்கும், துடைப்பத்தால் தட்டிவிடலாம். ரப்பர் போன்ற படலம் போட்டு மூடிய சுவரில் அதே உப்பு படலத்துக்குப் பின்னால் படிகமாகி, பட்டியையும் பூச்சையும் சேர்த்துப் பொரியவைக்கும். ஒரு சதுர அடியில் முடிந்திருக்க வேண்டிய சேதம் நான்கு சதுர அடியாகிவிடும். படலத்துக்குள் சிக்கிய ஈரம் பக்கவாட்டில் நகர்ந்து, நல்ல இடத்தையும் ஓதம் காக்கவைக்கும்.

கீழ் வீட்டு சீலிங்கில் இதைச் செய்வது இன்னும் மோசம். மேலே தேங்கிய நீர் கீழே உள்ள படலத்தைத் தள்ளும். பலூன்போல் உப்பி ஒருநாள் கிழியும். கிழியும்வரை ஈரம் கான்கிரீட்டுக்குள்ளேயே, கம்பியைச் சுற்றியே நிற்கும். இரும்பு துருவானால் பழைய அளவைப்போல் இரண்டு முதல் ஆறு மடங்கு இடம் கேட்கும். கான்கிரீட் விரிசல்விட்டுப் பாளமாகப் பெயர்ந்து விழுவது அதனால்தான். ஐந்நூறு ரூபாய் வாஷரில் முடிந்திருக்க வேண்டிய விவகாரம் தளத்தையே உளியால் கொத்திச் சீர்செய்யும் வேலையாக வளர்வது இப்படித்தான். பிவிசி பேனலும் சுவர்க் காகிதமும் இதே பிழையின் புதிய உடைகள். அவற்றின் பின்னால் பூஞ்சை வளர்வது கண்ணுக்கும் தெரியாது.

அப்படியானால் எது நல்லது? பெயிண்டரைக் கூப்பிடாமல் ஒரு நல்ல கொத்தனாரைக் கூப்பிடுவது. பெயிண்ட் உப்பியிருக்கும் இடத்தையும் அதைச் சுற்றி ஓர் அடியையும் சுரண்டி, பூச்சு தளர்ந்திருந்தால் செங்கல் தெரியும்வரை கொத்திவிட வேண்டும். உப்பை உலர்ந்த பிரஷ்ஷால் தட்ட வேண்டும். தண்ணீர் விட்டுக் கழுவினால் அது கரைந்து மறுபடி உள்ளே போகும். புதிய வீடுகள் பலவற்றில் சிமென்ட்டுக்குப் பதில் ஜிப்சம் பூச்சு இருக்கும். அது நீண்ட நேரம் ஊறினால் மாவாகிவிடும், காய்ந்தாலும் பழைய பலம் வராது. முழுவதையும் எடுத்துவிட வேண்டும்.

பிறகு மின்விசிறி, திறந்த ஜன்னல், நாட்கள். முழுக்க ஊறிய சுவர் உலர ஓர் அங்குலக் கனத்துக்கு ஒரு மாதம் என்பது இங்கிலாந்துக் கட்டடக்காரர்களின் பழைய கணக்கு. சென்னையின் நாலரை அங்குலத் தடுப்புச் சுவருக்கு மார்கழி, தையைவிடப் பங்குனி வெயில் மிகவும் உதவும். காய்ந்ததா என்று அறிய, ஒன்றரை அடிச் சதுரப் பிளாஸ்டிக் தாளை நான்கு பக்கமும் டேப்பால் ஒட்டி, குறைந்தது 16 மணி நேரம் விட்டுப் பிரித்துப் பார்க்கலாம். உள்பக்கம் வியர்த்திருந்தால் சுவர் தயாராகவில்லை. தயாரானபின் புதுப் பூச்சு, அது ஆற 28 நாள், அப்புறம் வேண்டுமானால் பெயிண்ட். முதல் ஒரு வருடம் அந்தச் சுவருக்கு வெறும் சுண்ணாம்பு அடிப்பதே மேல். சுண்ணாம்பு ஈரத்தைச் சிறைப்பிடிக்காது. காரைக்குடி வீடுகளின் சுண்ணாம்புப் பூச்சை அருகிருந்து பார்த்தவர்களுக்கு இதற்கு வேறு சாட்சி தேவைப்படாது. அதேபோல், மாற்றும் வெந்நீர்க் குழாயைச் சுவருக்குள் புதைக்காமல் வெளியே ஓடவிடுவதும் நல்லது. அழகு சற்றுக் குறையும், அடுத்த கசிவு அன்றைக்கே கண்ணில் படும்.

மற்றவை சுருக்கம். உப்பிய பார்ட்டிகிள் போர்டு அலமாரி பழைய வடிவுக்குத் திரும்பாது. பிளைவுட்டைக் கழற்றி நிழலில் உலர்த்தினால் பெரும்பாலும் தப்பும். நனைந்த துணியும் மெத்தையும் முதல் இரண்டு நாளுக்குள் காய வேண்டும். 24 முதல் 48 மணி நேரத்துக்குள் உலர்ந்தவற்றில் பெரும்பாலும் பூஞ்சை பிடிக்காது என்கிறது அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை. 2021 ஏப்ரலில் வந்த ‘பாரத் கிருஹ ரக்ஷா’ வீட்டுக் காப்பீடு டேங்க், குழாய் வெடித்துப் பெருகும் நீரால் ஏற்படும் சேதத்தை ஏற்கிறது. மாதக்கணக்கில் மெல்லக் கசிந்ததற்கு இழப்பீடு பெறுவது கடினம். எனவே எதையும் சுரண்டுவதற்கு முன் படம் எடுத்து வைக்க வேண்டும்.

எல்லாச் சுவரும் ஒரே குணம் கொண்டவை அல்ல. பக்கத்து வீட்டுச் சுவருக்குச் சரிப்பட்டது இந்தச் சுவருக்கும் சரிப்படும் என்று யாராலும் சொல்ல முடியாது. செங்கல்லா, ஜிப்சமா, கான்கிரீட்டா, தண்ணீர் எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று கேட்டு, அதற்கேற்ற கையைத் தேடி, சுவர் கேட்கும் காலத்தைக் கொடுக்கிற பொறுமை வீட்டுப் பெரியவர்களிடமிருந்தே தொடங்க வேண்டும். ஒரு பொங்கலுக்கு ஒரு சுவர் கொத்தியபடி இருப்பதில் எந்தக் குறையும் இல்லை. கீழ் வீட்டு சீலிங்குக்கான செலவை மேல் வீட்டுக்காரர் தையிலேயே கொடுத்து, வேலையைச் சித்திரையில் வைத்துக்கொள்வதாக இருவரும் எழுதிக்கொண்டால், பொங்கலுக்குள் அடித்தே தீர வேண்டும் என்ற நெருக்கடி கீழ் வீட்டுக்கும் இருக்காது.