சிறு அருங்காட்சியகங்களும் மின்னணுப் பதிவேடும்

அருங்காட்சியகம் என்றதும், 1851ஆம் ஆண்டு தொடங்கப்பெற்று இன்று எழும்பூரில் விளங்கும் சென்னை அருங்காட்சியகமே நம்மிற் பலருக்கு நினைவுக்கு வரும். ஆனால் ஓர் அறையும் இரண்டு கண்ணாடிப் பேழைகளும் மட்டுமே உடைய சிறு காட்சிக்கூடங்களும், நடுகற்களைத் தேடி ஊர் ஊராக அலையும் ஆர்வலர் குழுக்களும் நம் நாட்டில் பல உள. கணிப்பொறியும் கைப்பேசியும் இவர்களுக்கு எவ்வாறு பயன்படும் என்பதே நான் ஈண்டு ஆராயப் புகும் பொருள்.

மின்னணுக் கருவி என்றவுடன் தொடுதிரை, முப்பரிமாணக் காட்சி என்று சிலர் பேசத் தொடங்கிவிடுகின்றனர். அவை பின்னர் வரட்டும். முதற்கண் வேண்டுவது படத்துடன் கூடிய பதிவேடு. இதனை நான் வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு.

அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தானில் உள்ள சோழர் காலக் கோயிலின் நடராசர் செப்புத் திருமேனி களவாடப்பட்டுக் கடல் கடந்தது. அதனை ஆஸ்திரேலிய நாட்டின் தேசியக் கலைக்கூடம் நியூயார்க் வணிகர் ஒருவரிடமிருந்து 2008ஆம் ஆண்டு ஏறத்தாழ 50 லட்சம் அமெரிக்க டாலருக்கு வாங்கிற்று. அது நம் ஊர்ச் சிலைதான் என்பதை எவ்வாறு மெய்ப்பிப்பது? புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 1956ஆம் ஆண்டு முதல் தென்னிந்தியக் கோயில்களைப் படமெடுத்துத் தொகுத்து வந்தது. சிலை கோயிலில் இருந்தபோது எடுத்த படம் அத்தொகுப்பில் இருந்தது. 2014ஆம் ஆண்டு நடராசர் இந்தியாவுக்குத் திரும்பினார். படமெடுத்தவர்கள் திருட்டை எண்ணி எடுத்தவர்கள் அல்லர். சிற்பக்கலையை ஆராயவே எடுத்தனர். மெழுகு வார்ப்பில் ஒவ்வொரு சிலைக்கும் கருவை உடைத்தே எடுப்பர். ஆகையால் வார்ப்பின் சிறு குறைகள் இரு சிலைகளில் ஒன்றுபோல் அமைவதில்லை. படம் இருந்தால் அக்குறைகளே சாட்சி சொல்லும். படம் எடுக்கப்படாத கோயில்களின் சிலைகளுக்குச் சாட்சி யார்?

இத்தகைய தேவைக்கென்றே ‘ஆப்ஜெக்ட் ஐடி’ என்னும் பன்னாட்டுப் பதிவுமுறை 1997ஆம் ஆண்டு வெளியாயிற்று. பொருளின் வகை, செய்பொருளும் செய்முறையும், அளவு, எழுத்தும் குறியும், தனி அடையாளங்கள், பெயர், உருவப் பொருள், காலம், செய்தவர் என ஒன்பது செய்திகளையும், அவற்றோடு நிழற்படத்தையும் அது கேட்கிறது. இவற்றுள் தனி அடையாளங்களே உயிர்நாடி என்பேன். விரிசல், ஒட்டுப்போட்ட இடம், மூக்கின் சிதைவு ஆகியவற்றை மறைக்காமல் எழுத வேண்டும்.

எங்கள் வரலாற்றுத் துறையின் சிறு தொகுப்பை இம்முறையில் பதிந்து பார்த்தோம். கருவி என்று நாங்கள் பயன்படுத்தியவை ஒரு கைப்பேசி, ஓர் அளவுகோல், ஒரு வெள்ளைத் துணி, சன்னலோர வெளிச்சம் ஆகியவையே. பொருளின் அருகில் அளவுகோலை வைத்து, முன்னும் பின்னும் அடியும் தெரியப் படமெடுத்தோம். பேரேட்டில் உள்ள எண்ணையே படக்கோப்பின் பெயராக இட்டோம். இதைச் செய்யாவிடில், ஆறு மாதம் கழித்து எந்தப் படம் எந்தப் பானைக்குரியது என்று எவராலும் சொல்ல இயலாது! விவரங்களைக் கணக்குத்தாள் வடிவில் ஒருங்குறித் தமிழில் எழுதினோம். பழைய எழுத்துருக்களில் தட்டெழுதியவை வேறு கணிப்பொறியில் புரியாக் குறிகளாகத் தோன்றும் அல்லலை நாம் அறிவோம். தமிழக அரசும் 2010ஆம் ஆண்டு ஒருங்குறியைத் தரமாக ஏற்றுள்ளது.

தேய்ந்த கல்லெழுத்துக்கு நேரொளி உதவாது. பக்கவாட்டிலிருந்து சாய்வாக விளக்கைப் பிடித்தால் எழுத்து நிழலோடு எழுந்து நிற்கும். கேமராவை அசைக்காமல், விளக்கை மட்டும் பல திசைகளில் மாற்றிப் பல படங்கள் எடுத்து, அவற்றைக் கணிப்பொறியில் இணைத்துப் படிக்கும் முறையொன்றை ஹியூலெட்-பேக்கர்ட் ஆய்வகத்தார் 2001ஆம் ஆண்டு வெளியிட்டனர். மைப்படி எடுக்கவும் இயலாத அளவுக்கு நொறுங்கும் கற்களுக்கு இம்முறை ஏற்றது. கல்லைத் தொடவே வேண்டியதில்லை.

பதிந்தவற்றைக் காப்பதும் பதிதலைப் போன்றே இன்றியமையாதது. மூன்று படிகள் வேண்டும்; அவை இருவகைச் சாதனங்களில் இருக்க வேண்டும்; ஒன்றேனும் வேறு கட்டடத்தில் இருக்க வேண்டும் என்பர் ஆவணக் காப்பாளர். ஒரே அலமாரியில் மூன்று குறுந்தகடுகளை வைப்பது மூன்று படிகள் ஆகாது. தீயும் வெள்ளமும் மூன்றையும் ஒருங்கே கொண்டுபோகும்.

எல்லாவற்றையும் இணையத்தில் ஏற்றிவிடலாமா? அறைக்குள் பூட்டப்பட்ட பொருளின் படத்தை ஏற்றலாம். அதனால் நன்மையே மிகுதி. ஆனால் காவலின்றி வயல்வெளியில் நிற்கும் நடுகல்லின் இருப்பிடத்தைப் புவிக்குறியோடு வெளியிடுவதை நான் ஏற்கவில்லை. கைப்பேசி எடுக்கும் படத்தினுள் அக்குறி நம்மை அறியாமலே பதிந்திருக்கக்கூடும். வெளியிடும் படியில் அதனை நீக்கிவிட்டு வட்டத்தின் பெயரை மட்டும் தந்தால் போதும். துல்லியமான இடத்தைக் குழுவின் பதிவேட்டிலும், தொல்லியல் துறைக்கு அனுப்பும் படியிலும் குறித்து வைக்கலாம்.