பெரிய கைக்கு எந்தக் கண்ட்ரோலர்?

உத்திரமேரூர்க் கடைவீதியில் செருப்பு வாங்க வருபவரிடம் முதலில் கால் அளவைக் கேட்கிறோம். வீடியோ கேம் கண்ட்ரோலர் கேட்பவரிடம் மட்டும் விலையைச் சொல்லிப் பெட்டியை நீட்டிவிடுகிறோம். பெரிய கைக்காரர் அரைமணி ஆடினால் கட்டைவிரல் வலிக்கிறது. மறுநாள் சரக்கு திரும்பி வருகிறது. பிரித்த பெட்டியால் நட்டம் நமக்கே.

மைக்ரோசாஃப்ட் 2001-ல் எக்ஸ்பாக்ஸுடன் தந்த கண்ட்ரோலர் மிகப் பெரியது. கைக்கு அடங்கவில்லை என்று பலர் குறை கூறினர். ஜப்பானுக்கென 2002-ல் செய்த சிறிய வடிவமே பிறகு மற்ற நாடுகளுக்கும் வந்தது. ஆயினும் 2018-ல் ஹைப்பர்கின் நிறுவனம் அந்தப் பெரிய வடிவத்தை மீண்டும் விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஒருவர் ஒதுக்கிய சரக்கை இன்னொருவர் தேடுகிறார் என்பதே இதில் நமக்குப் பாடம்.

பிளேஸ்டேஷன் 4 கண்ட்ரோலரின் எடை சுமார் 210 கிராம். 2020-ல் வந்த பிளேஸ்டேஷன் 5 கண்ட்ரோலர் சுமார் 280 கிராம், உருவமும் பெரியது. அதே ஆண்டு எக்ஸ்பாக்ஸ் கண்ட்ரோலரோ சிறிய கைகளுக்கும் பொருந்தச் சற்றுக் குறுகியது. எனவே கம்பெனிப் பெயரை வைத்து அளவை முடிவு செய்ய இயலாது.

வீட்டில் உள்ள கேம் கருவி எது என்று முதலில் கேட்போம். அதற்குப் பொருந்தும் ரகங்களில் மாதிரி ஒன்றைப் பிரித்துவைத்து, இரண்டு நிமிடம் பிடித்துப் பார்க்கச் சொல்வோம். சுண்டுவிரல் பிடியில் தங்க வேண்டும். கட்டைவிரல்கள் ஒன்றோடொன்று இடிக்கக் கூடாது. ஆள்காட்டி விரல் மடங்கி நெருக்குண்ணாமல் பின்பொத்தானை அழுத்த வேண்டும்.

வாடிக்கையாளரின் கையைப் பார்த்து விற்றால், வியாபாரம் நம் கையைக் கடிக்காது.