பழைய மோடம் எழுத்தை விழுங்குகிறதா?

ஜாரிங் இணையச் சேவைக்கு 1511, டிஎம்நெட் சேவைக்கு 1515 என்று சுழற்றி இணையத்துக்குள் நுழைந்த காலத்து மோடம், பட்டர்வொர்த் வீடுகள் சிலவற்றில் இன்னும் பத்திரமாக இருக்கும். பழைய கணினியோடு அதை மறுபடி இணைப்பவர்கள் முதலில் சரிபார்க்க வேண்டியது தரவு ஓட்டக் கட்டுப்பாட்டைத்தான்.

கணினி கொட்டும் வேகத்துக்குத் தொலைபேசிக் கம்பி ஈடுகொடுக்காது. “கொஞ்சம் பொறு” என்று மோடம் சொல்ல வழியில்லாவிட்டால் எழுத்துகள் உதிரும், கோப்பு கெடும். இதற்கு ஆர்டிஎஸ்/சிடிஎஸ் முறையே நல்லது. ராக்வெல் சில்லு உள்ள மோடமில் ஏடி&கே3 என்றும், யூ.எஸ். ரோபோடிக்ஸில் ஏடி&எச்1&ஆர்2 என்றும் தட்டுங்கள். கணினியின் மென்பொருளிலும் அதே முறை இருக்க வேண்டும். பலர் கோட்டைவிடும் இடம் இதுதான். எக்ஸ்ஆன்/எக்ஸ்ஆஃப் முறை வேண்டாம். 17, 19 ஆம் எண் குறிகளை அது தொடங்கு, நிறுத்து என்று எடுத்துக்கொள்வதால் படக்கோப்புகள் பாழாகும்.

எல்லாம் சரியாக இருந்தும் தொல்லை நீடித்தால் கேபிளைப் பாருங்கள். மூன்றே கம்பி உள்ள மலிவுக் கேபிளில் ஆர்டிஎஸ்/சிடிஎஸ் சமிக்ஞை போகாது. 9 ஊசி முனையில் 7, 8 ஆம் ஊசிகள் இணைந்திருக்க வேண்டும்.

&சி1 கட்டளையையும் மோடமில் போட்டால் இணைப்பு அறுந்தது கணினிக்குத் தெரியும். &டி2 போட்டால் நிரலை மூடும்போதே அழைப்பும் துண்டிக்கப்படும். கடைசியில் &டபிள்யூ கொடுத்துச் சேமியுங்கள்.

இடி முழங்கினால் மின்கம்பியோடு தொலைபேசிக் கம்பியையும் கழற்றிவிடுங்கள்.